கடற்கரை ஊர்களில் எலக்ட்ரானிக் த்ராட்டில் பழுது: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ராமநாதபுரம் கடற்கரையில் பழைய இம்போர்ட்டட் கார் வைத்திருப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் வாங்குகிறார்கள். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர்களும் வாங்குகிறார்கள். ஹோண்டா சிஆர்-வி, சுசுகி கிராண்ட் விட்டாரா, வோக்ஸ்வேகன் பீட்டில் என்று, புதிதாக இருந்தபோது எட்டாத விலையில் விற்ற பெட்ரோல் வண்டிகள் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு சின்ன காரின் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மஞ்சள் லைட் எரியும், வண்டி இழுக்காது. மதுரைக்குக் கொண்டுபோனால் "த்ராட்டில் பாடி போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று ஒரு எஸ்டிமேட் கொடுப்பார்கள். வண்டியின் இன்றைய மதிப்பில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கூட்டிக் குறைக்கும் பாகம்தான் த்ராட்டில் பாடி.

நான் கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். அப்படிப்பட்ட எஸ்டிமேட்டோடு என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் த்ராட்டில் பாடி நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போயிருப்பது அதற்குப் போகிற கப்லர் (வயர்களை இணைக்கும் பிளக்), எர்த், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் வேறொரு சென்சார். அதனால் இங்கே விலை குறைந்த சந்தேகத்திலிருந்து விலை கூடிய சந்தேகத்துக்குப் போகிற வரிசையில் எழுதுகிறேன்.

தட்டைத் திறப்பது மோட்டார்

கேபிள் இருந்த காலத்தில் கால் மிதித்தால் கம்பி இழுக்கும், தட்டு திறக்கும். இப்போது பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. எவ்வளவு மிதித்தீர்கள் என்று அவை என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்கின்றன. ஈசியூ கணக்குப் போட்டு த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் சின்ன மோட்டாரை ஓட்டுகிறது. அந்த மோட்டார் பல்சக்கரங்கள் வழியாக வட்டத் தட்டைத் திருப்புகிறது. தட்டு உண்மையில் எவ்வளவு திறந்தது என்று இன்னும் இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன.

எல்லாமே இரண்டிரண்டாக இருப்பது பாதுகாப்புக்காக. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஈசியூ இரண்டையும் நம்பாது. மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். ஸ்பிரிங் தட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலையில் பிடித்துவைக்கும். வண்டி ஊர்ந்து வீடு போய்ச் சேரும், அவ்வளவுதான். இதுதான் லிம்ப் மோட். லிம்ப் மோட் வந்தது என்றால் ஏதோ ஒரு கணக்கு ஈசியூவுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். எந்தப் பாகம் செத்தது என்று அது சொல்வதில்லை.

தொடங்கும் முன்

லைவ் டேட்டா, அதாவது சென்சார்களின் எண்களை அந்த நொடியிலேயே காட்டுகிற ஒரு ஸ்கேனர் வேண்டும், போனோடு இணையும் சின்ன ப்ளூடூத் அடாப்டரே போதும். ஒரு மல்டிமீட்டர், ஒரு டப்பா காண்டாக்ட் கிளீனர், ஒரு டப்பா த்ராட்டில் கிளீனர். மொத்தச் செலவு நீங்கள் மதுரைக்கு வண்டியை ஏற்றி அனுப்பும் வாடகைக்குள் அடங்கிவிடும்.

ஸ்கேனரில் கோட்களை, அதாவது ஈசியூ பதிவுசெய்த பிழை எண்களை, படித்ததும் அழித்துவிடாதீர்கள். முதலில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பக்கம் இருக்கும். பிழை வந்த நொடியில் என்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். என்ஜின் சூடு முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆறிக்கிடந்த வண்டியை எடுத்த உடனே வந்த பிழை அது. இந்த ஒரு எண்ணை இங்கே யாரும் பார்ப்பதில்லை.

பேட்டரியையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகில், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை, ஸ்டார்ட் செய்யும்போது 10-க்குக் கீழே விழக்கூடாது. சோர்ந்த பேட்டரியோடு த்ராட்டில் கோட் வந்தால் பேட்டரியைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போவது வீண் வேலை.

ஒரு எச்சரிக்கை. சாவி ஆன் நிலையில் இருக்கும்போது த்ராட்டில் பாடிக்குள் விரலை விடாதீர்கள். மோட்டார் எந்த நொடியிலும் தட்டைச் சுழற்றும், அதன் விளிம்பு விரலைப் பதம் பார்த்துவிடும்.

அறிகுறி: லைட் எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை

இது முழு லிம்ப் மோட். எந்தக் கோட் வந்திருக்கிறது என்பதை வைத்துப் பாதை பிரிகிறது.

பி2138 வந்தால் பெடலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை. த்ராட்டில் பாடிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தும் இந்தக் கோடோடு த்ராட்டில் பாடி மாற்றச் சொல்லி எழுதிய எஸ்டிமேட்டை நானே பார்த்திருக்கிறேன். பெடலின் கப்லர் டிரைவரின் காலுக்கு மேலே இருக்கிறது. கடற்கரையில் நடந்துவிட்டு ஈரக்காலோடு ஏறி உட்காரும் வண்டிகளில் அந்த இடத்தில் உப்பும் மணலும் சேரும். கப்லரைக் கழற்றி, கிளீன் செய்து, மாட்டிவிட்டு, லைவ் டேட்டாவில் பெடலின் இரண்டு எண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாக மிதியுங்கள். பல வண்டிகளில் ஒரு எண் மற்றதைப்போல் இரண்டு மடங்காக இருக்கும். இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் குதித்தால் பெடல் தேய்ந்திருக்கிறது. பெடல் மொத்தமாக மாற்றினாலும் த்ராட்டில் பாடியைவிடப் பல மடங்கு மலிவு.

பி2135, அல்லது பி0120 முதல் பி0123 வரை, பி0220 முதல் பி0223 வரை வந்தால் த்ராட்டில் பாடியின் நிலை சொல்லும் சென்சார் பக்கம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கோட் சொல்வது 'சென்சாரிலிருந்து வரும் வோல்ட்டேஜ் தப்பாக இருக்கிறது' என்பதை மட்டும்தான். தப்பு சென்சாரில் இருக்கலாம், வரும் வழியில் இருக்கலாம், சென்சாருக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டில் இருக்கலாம்.

ஆகவே கப்லரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கப்லரில் 5 வோல்ட் பின்னுக்கும் சென்சார் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 4.8-க்கும் 5.2-க்கும் நடுவே காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் த்ராட்டில் பாடியை விட்டுத் தள்ளுங்கள். அந்த 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பல வண்டிகளில் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். நம் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏசி பிரஷர் சென்சாரை. கண்டென்சர் பக்கத்தில் முன்னால் இருப்பதால் எதிர்க்காற்றில் வரும் உப்பு முதலில் படுவது அதன் மேல்தான். அதன் கப்லரைக் கழற்றியதும் 5 வோல்ட் நிமிர்ந்தால் குற்றவாளி அதுதான். மாற்ற ஆகும் செலவு சில ஆயிரங்களில் முடியும், சில நேரம் கப்லரைத் துடைத்தாலே போதும்.

5 வோல்ட் சரியாக வருகிறது, எர்த்தும் சரி என்றால் கப்லரின் பின்களைக் கையிலே எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் அடியுங்கள். பின்களின் அடியில் பச்சையாகப் படிந்திருந்தால் செம்பு அரித்திருக்கிறது, வெள்ளைத்தூள் இருந்தால் அலுமினிய பாகத்திலிருந்து வந்திருக்கலாம். ஒவ்வொரு வயரையும் கப்லரை ஒட்டிப் பிடித்து லேசாக இழுங்கள். உப்பு, கப்லரின் வாயோடு நின்றுவிடுவதில்லை. வயரின் மேலுறைக்குள் ஏறி சில அங்குலம் வரை போகும். போன மழைக்காலத்தில் வந்த ஒரு சிஆர்-வியில் வயரை இழுத்தபோது மேலுறை மட்டும் நீண்டு வந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் இல்லை, ஈரமான பச்சைப் பொடிதான். வெளியிலிருந்து பார்க்க அந்த வயர் புதுசு போல இருந்தது. அங்குல அளவில் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போய், செம்பு பளபளப்பாகத் தெரியும் இடத்திலிருந்து புது வயர் போட்டுச் சாலிடர் வைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது.

பி2101, பி2118, பி2119 வகையறா வந்தால் மோட்டார் பக்கம். சென்சார் வயரில் போவது நூல்போன்ற கரண்ட், மோட்டார் வயரில் ஆம்பியர் கணக்கில் போகிறது. அதனால் சின்னத் துரு கூட இங்கே பெரிய இழப்பாகிறது. என்ஜின் எர்த்தைச் சோதிக்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை என்ஜின் உடலிலும் வைத்து, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மாட்டினால் போதும். காசு கேட்காத வேலை இது. பேட்டரிக்கும் வண்டியின் பாடிக்கும் போகிற பட்டையைவிட என்ஜினுக்கும் வண்டியின் பாடிக்கும் போகிற பட்டைதான் இங்கே முதலில் அரிக்கிறது. கீழே இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அறிகுறி: காலையில் தகராறு, மதியம் ஒன்றுமில்லை

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, சுபுஹு தொழுதுட்டு வண்டிய எடுத்தா இழுக்கவே மாட்டேங்குது. மத்தியானம் எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

"லைட்டு எரியுதா பாய்?"

"எரியும், அணையும். மதுரையில காட்டுனேன், வயரிங் எல்லாம் சரியா இருக்கு, சாமான்தான் போயிருச்சுன்னாங்க."

இதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. உப்பு காய்ந்திருக்கும்போது கரண்டைக் கடத்தாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருக்கும் நீரை இழுத்துத் தானே கரைந்து, கரண்ட் கடத்தும் ஈரமாகிவிடும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். கப்லருக்குள் இரண்டு பின்களுக்கு நடுவே அந்த ஈரம் ஒரு பாலம் போட்டால் 5 வோல்ட் பின்னிலிருந்து சிக்னல் பின்னுக்குக் கொஞ்சம் கசியும். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, ஈசியூவுக்கு எட்டுவது வேறு எண். இரண்டு சென்சாருக்கும் கசிவு ஒரே அளவாக இருக்காது, ஆகவே பி2135.

வண்டி மதுரை போய்ச் சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய என்ஜின் சூட்டில் கப்லர் முழுக்கக் காய்ந்திருக்கும். அங்கே மீட்டர் வைத்தால் வயரிங் சரி என்றுதான் காட்டும். மெமரியில் கோட் மட்டும் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, தங்கள் பட்டறையில் காய்ந்திருந்த வண்டியைப் பார்த்து எழுதுகிறார்கள். துருவேறிய பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்களே, அந்தக் காற்றில்தான் நம் வண்டிகள் இரவு முழுக்க நிற்கின்றன.

சோதனை எளிது. வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே, விடியற்காலையில், என்ஜினைத் தொடாமல், சாவியை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவில் த்ராட்டில் சென்சார் இரண்டின் வோல்ட்டேஜையும் எழுதுங்கள். மதியம் சூடான வண்டியில், அதேபோல் சாவியை மட்டும் ஆன் செய்து, அதே எண்களை மறுபடி எழுதுங்கள். தட்டு நிற்கும் இடம் மாறவில்லை, ஆகவே எண்களும் மாறக்கூடாது. ஒரு எண் மட்டும் விலகியிருந்தால் அந்தப் பின்னில் கசிவு. இன்னொரு வழி, பிழை இருக்கும் நேரத்தில் காண்டாக்ட் கிளீனர் அடித்து ஹேர் டிரையரால் கப்லரை மட்டும் காயவைப்பது. உடனே சரியானால் தீர்ப்பு வந்துவிட்டது.

தனுஷ்கோடி பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளில் இதே கதை வேறு நேரத்தில் வரும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கார்கள் நேராக முனைக்கே போகின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தினாலே கண்ணாடியில் உப்புத்திரை படியும். பானட்டுக்குள்ளும் அதே அளவு போகிறது. அன்று ராத்திரி ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில்தான் லைட் எரியும்.

நேரத்தோடு சம்பந்தமில்லாமல், குழியில் இறங்கும்போது மட்டும் பிழை வந்தால் அது வயர் ஒடிவு. என்ஜின் ஓடும்போது வயர்க்கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பாருங்கள். எண் எந்த இடத்தில் குதிக்கிறதோ அங்கே பிரித்தால் போதும்.

அறிகுறி: நின்றால் ஆஃப் ஆகிறது, ஏசி போட்டால் நடுங்குகிறது

லைட் எரியாமல் இந்தத் தொல்லை மட்டும் இருந்தால் பெரும்பாலும் கார்பன். தட்டு மூடும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமாகப் படிந்திருக்கும். ஐடிலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் ஓடும்போது, என்ஜின் மூச்சுவிடுவது தட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில்தான். வளையம் அதை அடைத்துவிட்டால் என்ஜின் திணறும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயை எடுத்து, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். நேராக உள்ளே பீய்ச்சி அடிப்பதுதான் இங்கே பலருடைய பழக்கம். அது தண்டின் இரு முனை வழியாகக் கசிந்து மோட்டாருக்கும் சென்சாருக்கும் போய்விடும். நன்றாக இருந்த பாகம் கிளீன் செய்த பிறகு கெட்டுப்போவது இப்படித்தான். இன்னொன்று, சில தட்டுகளின் விளிம்பில் தொழிற்சாலையிலேயே ஒரு கறுப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். கார்பன் துணியோடு வந்துவிடும், பூச்சு வராது. வராததைச் சுரண்ட வேண்டாம். தட்டைத் திறந்துதான் ஆக வேண்டுமென்றால் மெதுவாக, வெடுக்கென்று விடாமல்.

பாடியைக் கழற்றியே கிளீன் செய்கிறீர்கள் என்றால் கேஸ்கெட் புதிது போடுங்கள். சில வண்டிகளில் கூலண்ட் குழாய் இரண்டு இதன் வழியாகப் போகும், என்ஜின் ஆறிய பிறகு கைவையுங்கள். பனி நாடுகளில் தட்டு உறையாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. ராமநாதபுரத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அதை நீக்கிவிட்டு நேர்ப்பாதை போட்டுத்தரச் சொல்கிற யோசனைக்குத் தலையாட்டாதீர்கள்.

கிளீன் செய்தும் தீராவிட்டால் காற்றுக் கசிவு. ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் பாருங்கள், ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்லும் எண் அது. ஐடிலிங்கில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணத்துக்கு இறங்கினால் தட்டுக்குப் பின்னால் எங்கோ காற்று நுழைகிறது. பி0171 கூட வந்திருக்கலாம். நம் வெயிலில் ரப்பர்க் குழாய்கள் வெடிப்பது சகஜம், மடிப்புகளின் அடிப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். கசிவைத் தேட பெட்ரோலோ கிளீனரோ அடிக்காதீர்கள், சூடான என்ஜினில் தீப்பிடிக்கும். தண்ணீர் ஸ்ப்ரே போதும்.

அறிகுறி: கிளீன் செய்ததும், அல்லது பேட்டரி மாற்றியதும் ஐடிலிங் ஏறிவிட்டது

இது பழுதே இல்லை. அழுக்கோடு இருந்த தட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஈசியூ பழகி வைத்திருந்தது, இப்போது அழுக்கு இல்லை. மறுபடி பழக்க வேண்டும். ஹோண்டாவில் ஏசி, லைட், ஃபேன் எல்லாம் அணைத்து, நியூட்ரலில் 3000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை பிடித்து, பிறகு காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட வேண்டும். வோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடியில் ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் கொடுத்தால் சாவி ஆன் நிலையிலேயே மோட்டார் முனகி முடித்துவிடும். வேறு வண்டி என்றால் அதற்கான முறையைப் பார்த்துச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் 'கிளீன் பண்ணதும் மோசமாயிருச்சு' என்று புதுப் பாகம் வாங்கியவர்கள் உண்டு.

அறிகுறி: மிதிக்காமலே ரேஸ் ஏறுகிறது

முதலில் உயிர், அப்புறம் பழுது. ஓடும்போது நடந்தால் பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வேக்கும் (வெற்றிடம்) தீர்ந்து பிரேக் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், ஓரம் கட்டுங்கள், பிறகு ஆஃப் செய்யுங்கள். ஓடும்போதே சாவியை முழுக்கத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஓரம் கட்ட இடமில்லை என்பது தெரிந்ததே, அங்கே சந்தேகம் வந்தால் நியூட்ரலில் உருட்டி அபாய விளக்கைப் போடுங்கள்.

நின்ற பிறகு முதலில் பார்க்க வேண்டியது தரை மேட். இரண்டு மேட் மேல் மேல் போட்ட வண்டிகளில் மேல் மேட் பெடலைப் பிடித்துக்கொள்ளும். அது இல்லையென்றால் ஏர் பில்டர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கிளிப் ஒன்று விட்டுப்போன பெட்டி வழியாக மணல் போய்த் தட்டின் விளிம்பில் சிக்கும், பி2111 வரும். என்ஜின் 1500 ஆர்பிஎம் அருகில் மட்டும் நின்றால் அது லிம்ப் மோடின் திறப்பாகவும் இருக்கலாம், மேலே உள்ள முதல் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: ஈபிசி லைட் மட்டும்

வோக்ஸ்வேகன் குடும்ப வண்டிகளில் ஈபிசி என்று தனியாக ஒரு லைட் உண்டு. எரிந்ததும் த்ராட்டில் என்று முடிவுகட்டாதீர்கள். பின்னால் ஒருவரை நிற்கவைத்து பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியவில்லை, அல்லது விட்டும் எரிகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஸ்விட்ச் போயிருக்கிறது. சில நூறு ரூபாய்ச் சாமான்.

உண்மையிலேயே த்ராட்டில் பாடி போய்விட்டதா?

இத்தனையும் சரியாக இருந்தால் இப்போது அதைச் சந்தேகப்படலாம். லைவ் டேட்டாவில் 'கேட்ட கோணம்', 'உண்மைக் கோணம்' என்று இரண்டு வரி இருக்கும். கேட்டது ஏறி, உண்மையானது தாமதித்துத் தாமதித்து வந்தால் மோட்டார் அல்லது பல்சக்கரம் தளர்ந்திருக்கிறது. கேட்டது அசையாமல் இருக்க, உண்மையானது மட்டும் துள்ளினால் உள்ளே இருக்கும் சென்சார் தடம் தேய்ந்திருக்கிறது.

இந்தத் தேய்மானம் எல்லா வண்டிக்கும் வராது. பழைய வகையில் ஒரு மெல்லிய தடத்தின் மேல் உலோக விரல் உரசிக்கொண்டே இருக்கும். 1999 முதல் 2001 வரையிலான வோல்வோ கார்கள் உலகம் முழுக்கப் பெயர் கெட்டது இதனால்தான். அமெரிக்காவில் அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் 10 வருடம் அல்லது 2 லட்சம் மைல் என்று உத்தரவாதத்தை நீட்ட வேண்டி வந்தது. பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் உரசாத சென்சார். அது தேய்வதில்லை, ஆகவே பிந்தைய வண்டியில் 'சென்சார் தேய்ந்துவிட்டது' என்றால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

கார் கம்பெனி எதுவும் இதைத் தானே செய்வது அபூர்வம். பாஷ், ஹிட்டாச்சி, டென்சோ, கான்டினென்டல், மாக்னெட்டி மரெல்லி போன்றவர்கள் இந்த வண்டிகளுக்குச் செய்து கொடுத்தார்கள். பாடியின் மேல் அவர்களுடைய எண் பொறித்திருக்கும். கார் கம்பெனி பெட்டியில் வருவதும் செய்தவர் பெட்டியில் வருவதும் பல நேரம் ஒரே பொருள், விலை மட்டும் வேறு. அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள்.

பழையது போதும் என்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள். என் கருத்து, பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு நல்ல பழையதே போதும். ஆனால் கடலோர வண்டியிலிருந்து கழற்றியதை வாங்காதீர்கள். பின்களில் பச்சை இருக்கிறதா பாருங்கள். விரலால் தட்டைத் திறந்து விட்டாலும், மூடி விட்டாலும் அதே கொஞ்சம் திறந்த இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். பக்க மூடியின் கிளிப் நெம்பிய தடம் இருந்தால் ஏற்கனவே யாரோ திறந்திருக்கிறார்கள், வேண்டாம். எண், பின் எண்ணிக்கை, வாயின் விட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முக்கியமாக, கப்லரோடு அரை அடி வயரையும் சேர்த்து வெட்டித்தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டு வயர் தனியாகக் கிடைக்காது, உங்கள் பழைய கப்லர் உப்பில் ஊறியிருந்தால் அதுதான் பாதி வேலை. பொருத்திப் பார்த்து ஓடாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சில வண்டிகளில், அந்தப் பழைய வோல்வோ உட்பட, புதிய பாகத்துக்கு மென்பொருள் ஏற்றினால்தான் வேலை செய்யும். அதற்குக் கருவி வைத்திருப்பவர் யார் என்று பாகம் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

மாட்டும்போது கப்லரின் ரப்பர் ஓரத்தில் கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். பின்களின் மேல் அப்ப வேண்டியதில்லை. அதன்பிறகு பானட்டைத் திறந்து பிரஷர் வாட்டர் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரத்துணி.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை அன்று மாலையே கொடுத்துவிடாதீர்கள். வண்டியை ஒரு ராத்திரி வீட்டு வாசலில் நிறுத்தி, விடிந்ததும் ஏசியோடு ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரை மாட்டி உச்சிப்புளி வரை ஓட்டுங்கள். திரும்பி வந்தபோது நிலுவையில் ஒரு கோடும் இல்லையென்றால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.